கோப்பின் காவற் பட்டியல்

பெட்டகம் ஒன்று பூட்டப்பட்டிருக்கின்றதா என்பதைப் பூட்டை இழுத்துப் பார்த்து அறியலாம். அதன் திறப்புகள் எத்தனை, அவை யார் யார் கையில் உள்ளன என்பதைத் திறப்புப் பதிவேட்டைப் பார்த்து அறியலாம். ஆனால், கணினியினுள் இருக்கும் ஒரு கோப்பை யார் யார் திறக்கலாம் என்பதை எவ்வாறு அறிவது? அங்கே இழுத்துப் பார்ப்பதற்குப் பூட்டும் இல்லை. எண்ணிப் பார்ப்பதற்குத் திறப்பும் இல்லை. இருப்பது ஓர் அனுமதிப் பட்டியல் மாத்திரமே. அதுவும் பொறி வாசிப்பதற்காக இலக்கங்களால் அமைக்கப்பட்டது. அந்த இலக்கப் பட்டியலை மனிதர் படிக்கத்தக்க எழுத்தாக மாற்றுவது எங்ஙனம், அம்மாற்றத்தில் எவை எவை தவறவிடப்படலாகாது என்பனவே இப்பேச்சின் பொருள்.

இது செய்நிரல் எழுதுவோருக்கு மாத்திரம் உரிய பொருள் என்று கருத வேண்டா. ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம். மாணவர் பெற்ற புள்ளிகள், அவர்தம் நோய் விபரங்கள், குடும்பத்தின் வருமானம், பெற்றோர் நம்பி எழுதிய கடிதங்கள் ஆகியன ஒரு காலத்தில் இரும்பு அலுமாரியில் இருந்தன. அலுமாரியின் திறப்பு அதிபரின் மேசை லாச்சியில் இருந்தது. இன்று அவ்விபரங்கள் கணினியில் இருக்கின்றன. அவற்றுக்குப் பொறுப்பாளர் இன்றும் அதிபரே. ஆயின், எவர் அவற்றைத் திறக்கலாம் என்ற பட்டியலோ அவர் வாசிக்க இயலாத வடிவில் இருக்கின்றது. பொறுப்பு ஒருவரிடத்திலும் அறிவு இன்னோரிடத்திலுமாகப் பிரிந்து நிற்பது நல்ல நிருவாகம் ஆகாது. பட்டியலை எழுத்தாக மாற்றும் செய்நிரல், பிரிந்த அவ்விரண்டையும் சேர்த்துவைக்கும் கருவியாகும்.

இப்பட்டியல் தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறை 1960களில் வளர்ந்தபோதுதான், ஒருவருடைய கோப்பை மற்றொருவர் திறவாமற் காக்கும் தேவை எழுந்தது. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகமும், பெல் ஆய்வுகூடமும், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும் சேர்ந்து முயன்ற மல்டிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமைக்காக, டாலி, நியூமன் என்னும் இருவர் 1965ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினர். கோப்பு ஒவ்வொன்றுக்கும் பயனர் பெயர்களும் அவரவர்க்குரிய உரிமைகளும் கொண்ட ஒரு பட்டியலை இணைத்துவைக்கும் முறை அக்கட்டுரையில் விளக்கப்பட்டது. பின்னர் 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் முறைமையைத் தொடங்கினர். அது வளர்ந்தபோது, நீண்ட பட்டியலுக்குப் பதிலாக மிகச் சுருங்கிய ஓர் ஏற்பாடு அதிலே வேரூன்றியது. எழுத்தாக்கும் கலையை அச்சுருங்கிய ஏற்பாட்டிலிருந்தே கற்பது எளிது.

யுனிக்ஸ் ஏற்பாட்டில் மனிதர் மூவகையினர்: கோப்பின் உரிமையாளர், கோப்புக்குரிய குழுவினர், ஏனையோர். உரிமையும் மூவகை: வாசித்தல், எழுதுதல், இயக்குதல். மூவகையினருக்கும் மூன்று உரிமைகளாக ஒன்பது கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பதே விடை. ‘ஆம்’ என்பதற்கு 1, ‘இல்லை’ என்பதற்கு 0 என எழுதினால், ஒன்பது இலக்கங்கள் கொண்ட ஒரு துவித எண் கிடைக்கும். கணினி அதனை ஓர் எண்ணாகவே வைத்திருக்கின்றது.

உதாரணமாக, 416 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். இதனைப் பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் ஒன்றும் விளங்காது. செய்நிரலோ 256, 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்னும் ஒன்பது எடைக்கற்களைக் கொண்டு இதனை நிறுத்துப் பார்க்கின்றது. 416க்குள் 256 உண்டு. ஆகவே உரிமையாளர் வாசிக்கலாம். எஞ்சிய 160க்குள் 128 உண்டு. ஆகவே அவர் எழுதவும் செய்யலாம். எஞ்சிய 32க்குள் 64 இல்லை. ஆகவே இயக்குதல் இல்லை. அடுத்த கல்லாகிய 32 உண்டு. ஆகவே குழுவினர் வாசிக்கலாம். அதன்பின் மீதி யாதும் இல்லை. ஆகவே எஞ்சிய ஐந்து கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்பதே விடை. ‘ஆம்’ வரும் இடங்களில் உரிமையின் முதலெழுத்தையும், ‘இல்லை’ வரும் இடங்களில் ஒரு சிறு கோட்டையும் இட்டால், பட்டியல் எழுத்தாகிவிடுகின்றது. கணினி ஆங்கிலச் சொற்களைக் குறிக்கும் எழுத்துக்களை இடும். நாம் தமிழில் வா, எ, இ என்று கொள்வோம். அப்போது 416 என்னும் எண்,

வா எ –   வா – –   – – –

என்று வாசிக்கத்தக்கதாகின்றது. உரிமையாளர் வாசிக்கலாம், எழுதலாம். குழுவினர் வாசிக்க மாத்திரம் செய்யலாம். ஏனையோர்க்கு யாதொன்றும் இல்லை. இதே எண்ணை எட்டின் அடிப்படையில் எழுதினால் 640 என வரும். கணினி நிருவாகிகள் வழக்கமாகச் சொல்வது அந்த 640 என்னும் வடிவத்தையே.

இவ்வேற்பாடு அழகியது, ஆயினும் போதாதது. உரிமையாளரும் அல்லாத, குழுவிலும் இல்லாத ஒரே ஒருவருக்கு அனுமதி அளிக்க இதில் இடமில்லை. அக்குறையைத் தீர்க்க, பெயர் குறித்து அனுமதி அளிக்கும் முழுப் பட்டியல் மீண்டும் வேண்டப்பட்டது. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளுக்கு அதனைப் பொதுவாக வகுக்க முயன்ற போசிக்ஸ் வரைவு 1997ஆம் ஆண்டில் 17ஆவது திருத்தம் வரை சென்று, நியமமாக நிறைவேறாமலே கைவிடப்பட்டது. எனினும் அவ்வரைவின் கருத்து அழியவில்லை. லினக்ஸ் கருவகத்தில் அது 2002ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டு, 2003 டிசம்பரில் வெளியான 2.6ஆம் பதிப்பின் வழியே பரவியது.

அவ்வரைவு ஒரு நல்ல காரியம் செய்தது. பட்டியல் பொறியினுள் எவ்வடிவில் இருப்பினும், அதனை எழுத்தாக்குவதற்கு ஒரு கட்டளையையும், எழுத்திலிருந்து மீண்டும் பட்டியலாக்குவதற்கு ஒரு கட்டளையையும் அது வகுத்துத் தந்தது. செய்நிரல் எழுதுவோர் முன்னதை ‘ஏசிஎல் டு டெக்ஸ்ட்’ என்றும், பின்னதை ‘ஏசிஎல் ஃப்ரம் டெக்ஸ்ட்’ என்றும் வழங்குவர். முன்னது தரும் எழுத்தைத் தமிழ்ப்படுத்தினால் ஏறக்குறைய இவ்வாறு இருக்கும்:

பயனர் : : வா எ –
பயனர் : எழுதுவினைஞர் : வா எ –
குழு : : வா – –
எல்லை : : வா – –
ஏனையோர் : : – – –

ஒவ்வொரு வரியிலும் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, எவ்வகையினர் என்பது, இரண்டாவது, பெயர், மூன்றாவது, உரிமை. பயனர் வரியிலோ குழு வரியிலோ பெயர் வெறுமையாக விடப்பட்டிருப்பின் அவ்வரி கோப்பின் உரிமையாளரையோ கோப்புக்குரிய குழுவையோ குறிக்கும். இவ்வளவும் தெளிவாகவே இருக்கின்றது. ஆயினும் இப்பட்டியலைப் பார்த்த ஒருவர், எழுதுவினைஞர் இக்கோப்பில் எழுதலாம் என்று சொல்வாராயின், அது பிழையாகும்.

காரணம் நான்காவது வரி. ‘எல்லை’ என்று நாம் வழங்கும் அப்பதிவு, பெயர் குறிக்கப்பட்ட பயனருக்கும் எல்லாக் குழுக்களுக்கும் உரிய உச்சவரம்பாகும். எல்லையில் இல்லாத உரிமை, அவர்தம் வரியில் எழுதப்பட்டிருந்தாலும் செல்லாது. இங்கே எல்லை வாசித்தலோடு நிற்கின்றது. ஆகவே எழுதுவினைஞரும் வாசிக்கலாமேயன்றி எழுதல் இயலாது. உரிமையாளரையும் ஏனையோரையும் இவ்வெல்லை கட்டுப்படுத்துவதில்லை.

பழைய நூல்களுக்கு உரை வகுத்தோர் பதவுரை என்றும் கருத்துரை என்றும் இரண்டு தருவது வழக்கம். பதவுரை சொல்லுக்குச் சொல் பொருள் கூறும். கருத்துரை அவையனைத்தும் கூடி நின்று உணர்த்துவது யாதென்று கூறும். பட்டியலின் ஒவ்வொரு வரியையும் எழுத்தாக்குவது பதவுரை. எல்லையோடு ஒப்பிட்டு, ‘இவருக்கு உண்மையில் உள்ள உரிமை இவ்வளவே’ என்று சொல்வது கருத்துரை. இவ்விரண்டும் வேண்டும். லினக்ஸ் முறைமையில் பட்டியலைக் காட்டும் ‘கெட்எஃப்ஏசிஎல்’ என்னும் கருவி, எல்லையாற் குறைக்கப்பட்ட வரிகளின் ஓரத்தில், செல்லுபடியாகும் உரிமை இன்னதென்று ஒரு குறிப்பும் சேர்த்து அச்சிடும். தாமே செய்நிரல் எழுதுவோர் அக்குறிப்பைக் கைவிட்டால், எழுத்து ஒவ்வொன்றும் சரியாயிருந்தும் வாசகர் கொள்ளும் பொருள் பிழையாகிவிடும்.

இதிலிருந்து இன்னொரு சங்கடமும் பிறக்கின்றது. நீண்ட பட்டியல் உடைய கோப்பையும், சாதாரணக் கோப்பு வரிசையிற் பார்க்கும்போது, முன் சொன்ன ஒன்பது குறிகளாகவே கணினி காட்டும். அவற்றின் இறுதியில் ஒரு கூட்டற் குறி மாத்திரம் நிற்கும். ‘இதற்குமேலும் பட்டியல் உண்டு’ என்பதற்கு அதுவே அடையாளம். அவ்வேளையில் நடுவிலுள்ள மூன்று குறிகளும் குழுவின் உரிமையைக் காட்டுவதில்லை; எல்லைப் பதிவையே காட்டுகின்றன. எல்லை ‘வா எ –’ என்றும், குழுவுக்கு ‘வா – –’ என்றும் இருப்பின், குழுவினர் யாவரும் எழுதலாம் என்று மேற்பார்வைக்குத் தோன்றும். மறுபுறம், குழுவின் உரிமையைக் குறைப்பதாக எண்ணிப் பழைய முறையில் கட்டளையிடுவோர், தாம் அறியாமலே எல்லையைக் குறைத்து, பெயர் குறித்து அனுமதிக்கப்பட்டவரின் உரிமையையும் நீக்கிவிடுவர். அந்தச் சிறு கூட்டற் குறியைக் கண்டால் முழுப் பட்டியலையும் எழுத்தாக்கிப் பார்ப்பதே முறையாகும்.

அடுத்ததாக, பெயர்களைப் பற்றிச் சில சொல்லல் வேண்டும். பட்டியலினுள் எழுதுவினைஞர் என்ற சொல் இருப்பதில்லை. 1007 என்பதைப் போன்ற ஓர் எண்ணே இருக்கின்றது. எழுத்தாக்கும் வேளையில்தான் செய்நிரல் பயனர் பதிவேட்டைப் பார்த்து, அவ்வெண்ணுக்குரிய பெயரை இடுகின்றது. அவ்வுத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவர் கணக்கும் நீக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். கோப்பின் பட்டியலில் 1007 அப்படியே இருக்கும். பதிவேட்டிற் பெயர் கிடையாமையால் எழுத்து வடிவிலும் வெறும் எண்ணே தோன்றும். செய்நிரல் இதனைப் பிழையென்று கருதி மறைத்துவிடலாகாது. உரியவர் சென்றபின்னும் அனுமதி எஞ்சி நிற்கின்றது என்பதற்கு அவ்வெண்ணே சாட்சியாகும். புதிதாக வரும் ஒருவருக்கு அதே 1007 வழங்கப்பட்டால், எவரும் கொடாத அனுமதி அவருக்கு உரியதாகிவிடும். அப்போது பட்டியலில் அவர் பெயர் இயல்பாகவே தோன்றும். ஐயுறவும் எவருக்கும் எழாது. ஆகவே தணிக்கைக்கென எழுத்தாக்கும்போது பெயரையும் எண்ணையும் சேர்த்தே அச்சிடுவது நன்று.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 1993இல் வெளியிட்ட விண்டோஸ் என்டி முறைமையில் இவ்வேற்பாடு வேறு வகையாக அமைந்தது. அங்கே பயனர் ஒவ்வொருவருக்கும் நீண்ட அடையாள எண் ஒன்று தரப்படும். அவ்வெண் மற்றொருவருக்கு மீண்டும் கொடுக்கப்படுவதில்லை. உரிமைகளும் மூன்றல்ல, பல. அவற்றுள் அனுமதிக்கும் பதிவுகளும் உண்டு, மறுக்கும் பதிவுகளும் உண்டு. இப்பட்டியலை எழுத்தாக்குவதற்கென ஒரு குறியீட்டு மொழி விண்டோஸ் 2000 பதிப்போடு வந்தது. அம்மொழியில், கோப்பை வாசிக்க எல்லோருக்கும் அனுமதி உண்டு என்பதை இவ்வாறு எழுதுவர்:

டி : (ஏ ; ; எஃப்ஆர் ; ; ; டபிள்யூடி)

இதில் ‘ஏ’ என்பது அனுமதி; ‘எஃப்ஆர்’ என்பது கோப்பை வாசித்தல்; ‘டபிள்யூடி’ என்பது உலகோர் அனைவரும். இது எழுத்துத்தான், ஆயினும் கற்றோர்க்கே விளங்கும் சூத்திரம். செய்நிரல்கள் தம்முள் பரிமாறிக்கொள்ள இது போதும். பொறுப்பாளர் முன் வைப்பதற்கோ, இச்சூத்திரத்துக்கும் ஓர் உரை வேண்டும்.

விண்டோஸ் பட்டியலை எழுத்தாக்குவோர் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, வரிசை. அங்கே பதிவுகள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகவே பார்க்கப்படும். மறுக்கும் பதிவு முன்னே நிற்பதும் பின்னே நிற்பதும் ஒன்றல்ல. பார்வைக்கு அழகாயிருக்கட்டும் என்று அகர வரிசைப்படுத்தினால், பட்டியலின் பொருளே மாறித் தோன்றும். இரண்டாவது, வெறுமை. பட்டியல் உண்டு, அதில் ஒரு பதிவேனும் இல்லை என்றால், எவருக்கும் அனுமதி இல்லை என்பது பொருள். பட்டியலே இல்லை என்றால், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் உண்டு என்பது பொருள். காவலாளி நின்றும் அவர் கையில் அனுமதிச் சீட்டு ஒன்றும் இல்லாமை வேறு; வாயிலிற் காவலாளியே இல்லாமை வேறு. கவனமற்ற செய்நிரல் இவ்விரண்டையும் ஒரே வெற்று வரியாக அச்சிடுமாயின், திறந்து கிடக்கும் கோப்பைப் பூட்டியதென்று ஒருவர் நம்பியிருக்க நேரும்.

எழுத்தாக்கிய பட்டியலும் சொல்லாத சில உள. லினக்ஸில் ஒரு கோப்புறைக்கு, அதனுள் இனிமேற் பிறக்கும் கோப்புகள் எவ்வனுமதியோடு பிறக்க வேண்டும் என்று வகுக்கும் இரண்டாவது பட்டியல் ஒன்று இருக்கலாம். முதற் பட்டியலை மாத்திரம் கேட்டு வாங்கும் செய்நிரல் இன்றைய நிலையைச் சொல்லுமேயன்றி, நாளை என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. மேலும், கோப்புக்கு அனுமதி இருந்தும், அதனைக் கொண்ட கோப்புறைகளைக் கடந்து செல்ல அனுமதி இல்லாதவர் கோப்பை அடைய முடியாது. யாவற்றுக்கும் மேலாக, முறைமையின் தலைமைப் பயனர் எந்தப் பட்டியலிலும் பெயர் எழுதப்படாமலே எக்கோப்பையும் திறக்க வல்லவர். அவருடைய கடவுச்சொல்லை அறிந்தவர் யார் என்பதைப் பொறுப்பாளர் தாமே விசாரித்து அறிய வேண்டும். அதனை எச்செய்நிரலும் எழுதித் தாராது.

எழுத்தாக்குவதால் வரும் மற்றொரு பெரும் பயன், மீட்டலாகும். நல்ல எழுத்து வடிவம் இருவழிப் பாதை போன்றது. அதனை மீண்டும் படிக்கச் செய்து முன்னிருந்த பட்டியலையே உண்டாக்குதல் வேண்டும். கோப்புகளைப் பிரதி செய்யும் சில முறைகள் உள்ளடக்கத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அனுமதிப் பட்டியலைக் கைவிட்டுவிடும். பழுதடைந்த கணினியிலிருந்து கோப்புகள் மீட்கப்படும் நாளில், மாணவர் விபரங்கள் காவலின்றி வெளிப்பட இது ஏதுவாகும். லினக்ஸில் ஒரு கோப்புறையின் பட்டியல்கள் அனைத்தையும் எழுத்தாக்கி ஒரு தனிக் கோப்பிற் சேமித்து, பின்னர் அதனைக் கொண்டே யாவற்றையும் முன்போல் அமைத்துக்கொள்ள முடியும். வேறொரு கணினிக்குக் கொண்டுசெல்லும்போது அங்குள்ள பயனர் பெயர்களும் எண்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். ஒத்திராவிடின், ஒருவருக்கு உரிய அனுமதி மற்றொருவருக்குச் செல்லக்கூடும்.

நேயர்களே, இவ்வளவும் கேட்டபின், கணினியறிவு மிகுதியும் இல்லாத ஒரு பொறுப்பாளர் செய்யத்தக்கது யாது? அவர் செய்நிரல் எழுத வேண்டியதில்லை. தவணைக்கு ஒருமுறை, முக்கியமான கோப்புறைகளின் அனுமதிப் பட்டியலை எழுத்தில் அச்சிட்டுத் தருமாறு கணினிக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கேட்கலாம். செல்லுபடியாகும் உரிமையும், பெயரோடு எண்ணும், கோப்புறைகளுக்குரிய இரண்டாவது பட்டியலும் அதில் இருக்கின்றனவா என்று கேட்கலாம். சென்ற தவணைத் தாளையும் இத்தவணைத் தாளையும் அருகருகே வைத்து, புதிதாக வந்த வரி எது, எவர் சொல்லி வந்தது என்று வினவலாம். இடமாற்றம் பெற்றவர் பெயர் இன்னும் நிற்கின்றதா என்று பார்க்கலாம். எழுத வாசிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய பணி இது. பட்டியல் எழுத்தாக வந்தால்மட்டுமே இது இயலும்.

செய்நிரல் எழுதக் கற்கும் இளைஞரும் இப்பொருளைச் சிறிதென்று எண்ணலாகாது. இலக்கத்தை எழுத்தாக்கும் சில வரிகள் எழுதுவது கடினமான வேலை அன்று. ஆயினும் அவ்வரிகளை நம்பி ஒருவர் கையெழுத்திடுவார். அக்கையெழுத்தை நம்பிப் பெற்றோர் தம் பிள்ளைகளின் விபரங்களை ஒப்படைப்பர். எல்லைப் பதிவை மறந்த ஒரு வரியும், வெறுமையையும் இன்மையையும் ஒன்றாக்கிய ஒரு வரியும் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கிவிடும். ஆகையால், தாம் எழுதிய செய்நிரல் அச்சிடும் தாளைக் கணினி அறியாத ஒருவர் கையிற் கொடுத்து, ‘இக்கோப்பை யார் திறக்கலாம்?’ என்று அவர் கேட்டுப் பார்க்கட்டும். வரும் விடை உண்மையோடு ஒத்திருப்பின், அவர் வேலை முடிந்தது.